நான்கு எஞ்சின், இரண்டு எஞ்சின்

சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் நியூவர்க் வரை நடுவில் எங்கும் இறங்காத விமானப் பயணம். சுமார் 15,300 கிலோமீட்டர். 2004-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதைத் தொடங்கியபோது பறந்தது ஏர்பஸ் ஏ340-500. நான்கு எஞ்சின்கள். அத்தனை தூரத்துக்கான எரிபொருளைச் சுமந்து பறக்கவே கொஞ்சம் எரிபொருள் தனியாகத் தீரும். நெடுந்தூரத் தடங்களின் தலைவலியே இதுதான். 2008-இல் முழு விமானத்தையும் பிசினஸ் வகுப்பாக்கி 100 இருக்கைகளோடு ஓட்டிப் பார்த்தார்கள். 2013-இல் சேவை நின்றது.

2018-இல் அதே தடம் மறுபடி திறந்தது. இம்முறை ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற மிக நெடுந்தூர ரகம். இரண்டே எஞ்சின்கள், 161 இருக்கைகள். எஞ்சின் குறைந்தால் எரிபொருள் மட்டுமா மிச்சம்? பராமரிப்புச் செலவும்தான்.

விமானம் வாங்குகிறவர்கள் முக்கியமாக இரண்டு கணக்குப் போடுவார்கள். ஒரு நடைக்கு எவ்வளவு? ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு? பெரிய விமானத்தில் இரண்டாவது தொகை கண்ணுக்கு அழகாகக் குறையும். ஆனால் காலி இருக்கை டிக்கெட் வாங்காதே!

புது விமானம்தான் எப்போதும் லாபம் என்றும் இல்லை. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் எரிபொருளை அதிகம் குடிக்கும் பழைய எம்டி-88 விமானங்களை 2020 வரை ஓட்டியது. விமானத்தின் மூலதனச் செலவு குறைவாக இருந்தால் எரிபொருள் செலவைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.