காப்புரிமைப் பத்திரத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள்

ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் எனக்குக் கொஞ்சம் கத்திரி உண்டு. காய்த்துளைப்பானுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்தான். 5 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து அடிப்பேன்.

போன வருசம் மருந்து விற்க வந்த ஒருவர், "வேம்புக்கு நாங்க பேட்டன்ட் வாங்கியாச்சு. இனி நீங்களா கரைச்சு அடிச்சா கேஸ் ஆகும்" என்றார். பயந்துதான் போனேன். பிறகு அவர் தந்த தாளில் இருந்த எண்ணைத் தேடிப் படித்தேன். பயம் போனது.

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். வெளிநாட்டுப் பத்திரங்களுக்குக் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் உண்டு. ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'நீம்' என்று மட்டும் போட்டால் பாதிதான் வரும். அசாடிராக்டா இண்டிகா என்ற தாவரவியல் பெயரையும், அசாடிராக்டின் என்ற சத்தின் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

பத்திரம் கிடைத்ததும் நான்கு விசயம் பார்க்க வேண்டும்.

1. விண்ணப்பமா, வழங்கப்பட்டதா? விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்து வெளியாகும். வெளியானது என்பதற்காக உரிமை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவர் காட்டியது வெறும் விண்ணப்பம்.

2. எந்த நாடு? அமெரிக்கக் காப்புரிமை நம்ம வயலைக் கட்டுப்படுத்தாது.

3. உயிரோடு இருக்கிறதா? ஆயுள் 20 வருசம். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகும்.

4. உரிமைக்கோரல் என்ன? பத்திரத்தின் கடைசியில் எண் போட்டு வரிசையாக இருக்கும். தலைப்பு ஊரையே வளைத்துப்போடும். உரிமை அந்த வரிகளுக்குள் மட்டும்தான். முதல் கோரலில் உள்ள பொருள்களைப் பிரித்து எழுதுங்கள். எல்லாம் சேர்ந்திருந்தால்தான் மீறல். நான் பார்த்ததில் வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், ஒரு ரசாயனக் குழம்பாக்கி, மூன்றும் குறிப்பிட்ட அளவில் இருந்தன. என் வாளியில் இருப்பது அது இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று, தேதி. பூஞ்சைக்கு வேப்பெண்ணெய் அடிக்கும் முறைக்கு, டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. எண் 0436257. வந்தனா சிவா, ஐரோப்பியப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட், அங்கக வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு மூவரும் எதிர்த்தார்கள். இது இந்தியாவில் முன்பே தெரிந்த சங்கதி என்று சான்று வைத்தார்கள். 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

நம் நாட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே, மரபறிவுக்கும் வேளாண் முறைக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. விண்ணப்பம் வெளியான பின், உரிமை வழங்கும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். சென்னை கிண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது.

ஆனால் மனுவுக்குச் சான்று வேண்டும். 'எங்க தாத்தா காலத்துல இருந்து அடிக்கிறோம்' என்ற வாய்ச்சொல் அங்கே லேசில் எடுபடாது. அதனால் உங்கள் கரைசல், அளவு, எந்தப் பூச்சிக்கு என்பதை நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்கள். தேதியோடு அச்சில் ஏறிவிட்டால், நாளைக்கு எவரும் அதைப் புதுசு என்று சொல்ல முடியாது.