பன்றி சுட மாற்றிய காற்றுத் துப்பாக்கியா? உயிருக்கும் ஆபத்து, சட்டத்திலும் சிக்கல்

செம்பனைக் கன்று நட்ட முதல் இரண்டு ஆண்டுகள்தான் காட்டுப் பன்றிக்குக் கொண்டாட்டம். ஒரே இரவில் வரிசையாகக் கன்றுகளைச் சாய்த்து, உள்ளே இருக்கும் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி போட்டவர்களின் பாடும் அதேதான். இந்த நட்டத்தைப் பார்த்து நொந்துபோன சிலர், ‘காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கி, தோட்டா போடும்படி மாற்றிக்கொண்டால் போதும்’ என்ற பேச்சுக்குக் காது கொடுத்துவிடுகிறார்கள். அது ஏன் தவறு என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் அளவுக் கணக்கு. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைத்தான் ‘காலிபர்’ என்கிறோம். காற்றுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 4.5 அல்லது 5.5 மில்லிமீட்டர் அளவில் வருகின்றன. விவசாயிகள் உரிமம் பெற்று வைத்திருக்கும் ‘செனாப்பாங் பாத்தா’ பொதுவாக 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையுள்ள 12 குண்டுகள் செய்தால், அதில் ஒரு குண்டின் விட்டமே அந்தக் குழலின் அளவு. ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.

5.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு எலி, அணிலுக்குப் போதும். பன்றிக்குப் போதாது. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம் போல் தடித்த தசைநார் இருக்கும். சிறு குண்டு அதில் சிக்கிக்கொள்ளும். பன்றி சாகாது, காயத்தோடு புதருக்குள் ஓடிவிடும். காயம்பட்ட பன்றி எதிரில் வருபவரைப் பாயும். மறுநாள் காலையில் அந்தப் புதர் பக்கம் குலை வெட்டப் போகிறவருக்கு இது தெரியாது.

‘அதனால்தான் தோட்டா போடும்படி மாற்றுகிறோம்’ என்பார்கள். ஆபத்து தொடங்குவதே அங்குதான். கார் டயரில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். காற்றுக் கலன் உள்ள துப்பாக்கியில் அது 200 பார் வரை இருக்கலாம். ஆனால் பாயின்ட் டூ டூ தோட்டாவில் மருந்து வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தம் 1,600 பாரைத் தொடும். காற்றுக்காகச் செய்த குழலும் பூட்டும் அதைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பின்பக்கம் வெடித்தால் அடிபடுவது சுடுபவரின் கண்ணும் கன்னமும்தான்.

குறி தவறினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தச் சிறிய தோட்டா ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக் கூடியது. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவ வருபவர்கள் நம் மக்கள். பன்றி நடமாடுவதும் அதே நேரம்தான். சலசலப்பு கேட்ட திசையில் சுடுபவருக்கு அங்கே இருப்பது பன்றியா, மனிதரா என்று எப்படித் தெரியும்?

இனி சட்டம். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதையும் ஆயுதம் என்றே வகைப்படுத்துகிறது. உரிமமின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும் காத்திருக்கின்றன. உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பது தனிக் குற்றம். இணையத்தில் சுலபமாக வாங்க முடிந்தது என்பது சட்டத்தின் முன் நிற்காது.

துப்பாக்கி உரிமம் இருந்தால் மட்டும் போதாது. தீபகற்ப மலேசியாவில் காட்டுப் பன்றியை வேட்டையாட, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் துறையின் அனுமதியும் வேண்டும். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உள்ளன.

அப்படியானால் வழி என்ன? பன்றித் தொல்லையை மாவட்ட பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சுடத்தான் வேண்டும் என்றால் இரண்டு உரிமங்களும் உள்ளவரே சுடட்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லட்டும். இளங்கன்றுகளைச் சுற்றி வேலி போடுவதும் பலன் தரும். ஆனால் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சாதீர்கள். அது மனிதரையும் கொல்லும்.

எலிக்கோ துப்பாக்கியே தேவையில்லை. பல செம்பனைத் தோட்டங்களில் 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்று கூகைக்குப் பெட்டிக் கூடு வைக்கிறார்கள். ஒரு கூகைக் குடும்பம் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்றுவிடும். எலி விஷத்தைக் கண்டபடி வைத்தால் அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும், கவனம்.

மாற்றிய துப்பாக்கி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஒளித்து வைப்பதும் நண்பரிடம் கைமாற்றுவதும் சிக்கலை இன்னொரு வீட்டுக்கும் கொண்டுபோகும். உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் வழிகாட்டுதலோடு காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே நல்லது. தின்ற கன்றை மறுபடி நட்டுவிடலாம். சிறைக்குப் போன தகப்பனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது.