வெறுங்காலோட்டப் பயிற்சி

1960 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள் உரோமாபுரியில் நடைபெற்ற ஒலிம்பிக் மரதன் ஓட்டத்திலே, எதியோப்பிய மன்னரின் மெய்காவற் படைவீரரான அபேபே பிக்கிலா என்பார் பாதரட்சையின்றி ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் முதலிடம் எய்தினார். அச்செயலை வியப்போர் பலர், அவர் முன்னரே வெறுங்காலோடு பயின்றவர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1964 இல் தோக்கியோவில் அவரே சப்பாத்தணிந்து ஓடி மீண்டும் வென்றார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. எனவே, சப்பாத்தைக் கழற்றிய மாத்திரத்தே விரைவு வந்துவிடும் எனக் கருதுதல் பேதைமையாம்.

வேறுபாடு யாண்டுளது? ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் லீபர்மனும் அவர்தம் குழுவினரும் கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுவோரை ஆராய்ந்து 2010 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். தடித்த குதியுடைய சப்பாத்தணிந்தோர் பெரும்பாலும் குதியை முதலில் ஊன்றுகின்றனர். வெறுங்காலோட்டத்திற் பழகியோரோ பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றிப் பின்னரே குதியைத் தாழ்த்துகின்றனர். குதி முதலில் மோதும்போது எழும் திடீர் அதிர்ச்சி, முன்பாதம் ஊன்றப்படுங்கால் ஏறக்குறைய இல்லாதொழிகின்றது. ஆயின் அச்சுமை மாயமாய் மறைவதன்று. கெண்டைக்காற் றசையும் குதிநாணும் அதனை ஏற்கின்றன. இடர் தோன்றுமிடமும் இதுவே.

நெடுநாட் சப்பாத்தணிந்து ஓடிய ஒருவனுக்கு இதயமும் சுவாசப்பையும் நன்கு பயின்றிருக்கும், பாதமோ பயின்றிராது. மூச்சு இடந்தருகின்றதென அவன் முதல் நாளிலேயே நெடுந்தூரம் ஓடுவானாயின், குதிநாண் வீங்கும். நாளடைவில் விரல்களுக்குப் பின்னுள்ள நீண்ட என்புகளில் நுண்ணிய வெடிப்பும் உண்டாகலாம். பயிற்சியற்றவனிலும் பயின்றவனே இவ்வகையில் மிகுந்த ஆபத்துக்குள்ளாகின்றான் என்பது விந்தையே.

ஆகவே, முதலில் வெறுங்காலோடு நடந்து பழகுதல் வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள்விட்டு ஒருநாள், கால் மைலுக்கு மேற்படாது ஓடுதல் போதும். பின்னர் வாரந்தோறும் பத்திலொரு பங்குக்கு மேற் கூட்டலாகாது. அடி குறுகியும் விரைந்தும் இருத்தல் நன்று. புற்றரையே தக்கதெனப் பலர் எண்ணுவர். அது மெத்தென்றிருத்தலாற் பிழையான ஊன்றலை மறைத்துவிடும், முள்ளையும் கண்ணாடித் துண்டையும் உடன் மறைக்கும். துப்புரவான, சமதளமான வன்றரையில் ஓசையின்றி ஓடப் பழகுபவன் விரைவிற் றன் பிழையை உணர்வான். மலங்கலந்த ஈரமண்ணிற் கொளுக்கிப்புழு உள்ளங்காலூடாக உட்புகும். ஏற்புவலித் தடுப்பூசியும் இன்றியமையாதது. நீரிழிவினாற் பாதவுணர்ச்சி குன்றியோர் இதனை மேற்கொள்ளவே கூடாது. காயம் பட்டதை அவர் அறியார். தசை நோவு இரண்டொரு நாளில் தணியும்; என்பின் மேல் ஓரிடத்தே அழுத்தும்போது நோவு தோன்றுமாயின், ஓட்டத்தை உடனே நிறுத்தி வைத்தியரை நாடல் வேண்டும்.