தானாகப் பெரிதாகும் பம்பு

கோவை சிங்காநல்லூரில் ஏதாவதொரு பம்பு மெக்கானிக்கிடம் போய், தோட்டத்துக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "எச்பி கூட்டோணுமுங்க, இல்லாட்டி வேற பம்பு மாத்தோணுமுங்க" என்பார். ஓட ஓட இம்பெல்லர் தேயும், பேரிங் போகும். ஓடியதால் பெருத்த பம்பு கோவையில் இன்னும் வார்க்கப்படவில்லை. குளத்துப் பக்கம் விடிகாலையில் ஓடுகிறாரே, அவர் நெஞ்சுக்குள் இருப்பது மட்டும் வேறு ரகம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கிறது. துடிப்புக்கு 70 மில்லி வீதம் ஏறக்குறைய 5 லிட்டர். பல ஆண்டு மாரத்தான் பழகியவருக்கும் அதே 5 லிட்டர்தான் வேண்டும். அவர் இதயமோ துடிப்புக்கு 125 மில்லி தள்ளி, 40 துடிப்பிலேயே வேலையை முடித்துவிடும். ஓட்டக்காரர் என்று சொல்லாமல் ஈசிஜி எடுத்தால் அட்மிட் ஆகச் சொல்வார்கள்!

எவ்வளவு பழகினாலும் உச்சத் துடிப்பு கூடுவதில்லை. அது பெரும்பாலும் வயதின் கணக்கு. கூட்ட முடிவது ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தைத்தான். சாதாரண இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டரோடு நின்றுவிட, உலகத்தர வீரருடையது 35 லிட்டரைத் தாண்டும்.

மணிக்கணக்கில் ஓடும்போது கால் தசைகளிலிருந்து ரத்தம் வெள்ளமாய்த் திரும்பி வருகிறது. நாள்தோறும் அதை வாங்கி வாங்கி இடது கீழறை அகலுகிறது. அறை அகன்றால் சுவரில் இழுவிசை ஏறும். அதைத் தாங்கச் சுவரும் கொஞ்சம் தடிக்கும். இதற்கென்று புதுச் செல்கள் கூட்டமாக முளைப்பதில்லை, இருப்பவையே நீண்டு தடிக்கின்றன. பளு தூக்குபவருக்கு வருவது வெள்ளமல்ல, அழுத்தம். அங்கே அறை அகலுவதைவிடச் சுவர் தடிப்பதே அதிகம் என்று 1975-இல் மார்கன்ராத் என்ற மருத்துவரின் குழு எழுதியது. இரண்டையும் பிரிக்கும் அந்தக் கோடு இன்று அத்தனை தெளிவாக இல்லை.

பயிற்சியால் இதயம் பெருப்பதை முதலில் கண்டவரிடம், இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ கருவி கிடையாது. 1899-இல் ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே இதயம் பெருத்திருப்பதைச் சொன்னார். அது நோயல்ல, கூடுதல் வேலைக்கான வாகு என்றும் சொன்னார். துணிச்சலான மனிதர்.

சிக்கல் என்னவென்றால், பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு நோயும் எக்கோவில் கிட்டத்தட்ட இதே முகத்தைக் காட்டும். இளம் வீரர்கள் மைதானத்தில் திடீரென விழுந்து இறப்பதற்கு அது முக்கியக் காரணங்களில் ஒன்று. இத்தாலிய மருத்துவர் பெலிச்சியா 947 வீரர்களை அளந்த முடிவை 1991-இல் வெளியிட்டார். 13 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சுவர் தடித்தவர்கள் 16 பேர்தான். ஒரு சைக்கிள்காரரைத் தவிர எல்லோரும் துடுப்பு போடுகிறவர்கள். எனவே ஓட்டக்காரருக்குச் சுவர் அவ்வளவு தடித்திருந்தால் டாக்டர் யோசிப்பார், குடும்பத்தில் இளவயது மரணம் உண்டா என்று கேட்பார். ஓடும்போதே மயங்கி விழுந்தவர் 'பயிற்சி இதயம்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சந்தேகம் தீராவிட்டால் மூன்று மாதம் போல ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார்கள். பயிற்சியால் தடித்த சுவர் மெலியும். நோயால் தடித்தது மசியாது. அறையின் அகலம் அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. பெரிய இதயத்தோடு ஓய்வுபெற்ற 40 இத்தாலிய வீரர்களைச் சில ஆண்டு கழித்துப் பெலிச்சியா மறுபடி அளந்தபோது, சுவரெல்லாம் பழைய கனத்துக்குத் திரும்பியிருந்தது. ஐந்தில் ஒருவருக்கு அறை மட்டும் இன்னும் பெரிதாகவே இருந்தது.