பேசாக் குழந்தையும் பேராசிரியர் ஆராய்ச்சியும்

குழந்தையின் மழலை பெற்றோர்க்கு இன்பம் பயப்பது. அம்மழலை உரிய காலத்தில் எழாவிடின், வீடு முழுவதையும் கவலை கவ்விக்கொள்கின்றது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் இரண்டு வயதாகியும் பேசாத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத குழந்தையைக் கண்டு, ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும் என்று ஆறுதல் கூறுவாரும், கண்ணூறு என்று கழிப்புச் செய்வாரும் உளர். தாய் கொழுந்துக்குப் போனதால் வந்த வினை என்று பழிப்பாரும் உளர். இவற்றுள் இறுதியிற் கூறியதே மிகக் கொடிது, உண்மைக்கும் மாறானது.

இக்குறைபாட்டை ஓட்டிசம் என்ப. மதியிறுக்கம் எனவும் தமிழில் வழங்குவர். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இதனைத் தனிநிலையாக விளக்கினார். பிறரோடு உறவாடுதலிலும் உரையாடுதலிலும் இடர்ப்படுதல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், பழகிய ஒழுங்கு மாறின் கலங்குதல் என்பன இதன் குறிகளாம்.

அன்பில்லாத தாயாலேயே இது விளைகின்றது என்னும் கருத்து மேனாட்டிலும் நெடுங்காலம் நிலவிற்று. புரூனோ பெற்றல்ஹைம் என்பார் 1967 இல் எழுதிய நூல் அதனைப் பெரிதும் பரப்பிற்று. பத்தாண்டு கழித்து, 1977 இல், சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகிய இருவரும் 21 இணை இரட்டையரை ஆராய்ந்தனர். ஒருகருவிற் பிறந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் இக்குறை இருந்தது. இருகருவிற் பிறந்த 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. பிறப்புவழிக் கூறே இதற்கு முதன்மையானது என்பதற்கு இஃது வலிய சான்றாயிற்று. ஆகவே, காலையிற் கூடை சுமந்து மலையேறும் தாயைக் குற்றஞ் சாட்டுவது அறியாமையே அன்றி வேறன்று.

இனி, நம் நாட்டு ஆராய்ச்சியை நோக்குவாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் சிறுவர் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய ஹேமமாலி பெரேரா அவர்கள், துணையாய்வாளரோடு, நகரஞ்சார்ந்த ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 குழந்தைகளைச் சோதித்தார். 2009 இல் வெளிவந்த அவ்வாய்வின்படி நால்வரிடம் ஓட்டிசம் காணப்பட்டது. அஃதாவது ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவர். சிறு தொகையாதலின் இவ்விகிதத்தை நாடு முழுமைக்கும் விதியாக்குதல் தகாது. ஆயினும் அவ்வாய்வு வேறொன்றையும் உணர்த்திற்று. மேனாட்டில் ஆக்கப்பட்டுத் தாயரிடம் வினவப்படும் வினாப்பட்டியல், அந்நால்வருள் ஒருவரையே இனங்காட்டிற்று. ஒரு நாட்டார்க்கு அமைந்த வினா மற்றொரு நாட்டுத் தாயின் உள்ளத்தை எட்டுமென்பது உறுதியன்று.

இக்குறையை நீக்க அவர் படங்களைத் துணைக்கொண்டார். குழந்தையின் நடத்தைகளைப் புகைப்படங்களாற் காட்டித் தாயை வினவும் புதிய கருவியைப் பற்றிய ஆய்வு 2017 இல் வெளிவந்தது. எழுத்தறிவு குறைந்த தாயும் படத்தைக் கண்டு தன் பிள்ளையின் இயல்பை ஒப்பிட்டுக் கூறுதல் எளிது. வைத்தியர் மொழி ஒன்றும் தாய்மொழி மற்றொன்றுமாக அமையும் மலையகத்திற்கு இத்தகைய முறை பெரிதும் ஏற்றதாம்.

பள்ளிப் பருவத்திற் பெரிதும் வெளிப்படும் கவனக் குறைபாடும் மிகைத் துடிப்பும் இதனின் வேறானவை. எனினும் ஒரு பிள்ளையிடத்தே இரண்டும் சேர்ந்து காணப்படுதலும் உண்டு. ஓரிடத்தில் இருக்கமாட்டாத, தொடங்கியதை முடிக்கமாட்டாத பிள்ளையை முரடன் என்று பிரம்பால் அடக்க முயல்வது பயனற்றது. வழக்கமான மருந்தினாலும் நடத்தைப் பயிற்சியினாலும் போதிய நன்மை அடையாத, 6 முதல் 12 வயது வரையுள்ள 94 பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு ஒமேகாக் கொழுப்பமிலங்களைக் கொடுத்து, வெற்று மருந்து பெற்ற ஏனையோரோடு ஒப்பிட்டார் பெரேரா. 2012 இல் வெளிவந்த அவ்வாய்வில், மூன்றாம் மாதத்திற் காணப்படாத வேறுபாடு ஆறாம் மாதத்திற் காணப்பட்டது. ஓராய்வு கொண்டு முடிவு கூறல் இயலாது. பொறுமையின் இன்றியமையாமையை மட்டும் இதனால் அறியலாம்.

ஓட்டிசக் குழந்தையின் தாய்க்கே பயிற்சியளித்து, வீட்டில் அவள் குழந்தையோடு நாள்தோறும் பழகும் முறையை ஆராய்ந்து, அதன் நற்பயனை 2016 இல் அவர் வெளியிட்டார். சிறப்பு நிலையங்கள் தொலைவிலுள்ள இடங்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் நாட்சம்பளத்தை நம்பி வாழும் தாய்க்கு ஓய்வு அரிது. ஆகவே குடும்பத்தார் அனைவரும் அப்பொறுப்பைப் பகிர்தல் வேண்டும்.

பிள்ளைக் காம்பரா எனப்பட்டு, இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப்படும் இடத்திற் பணிபுரிவோர், ஒத்த வயதுக் குழந்தைகள் பலரை ஒருங்கே காண்பவர். சுட்டிக் காட்டாத குழந்தையையும், அழைத்தாற் திரும்பாத குழந்தையையும் முதலில் அறியத்தக்கவர் அவரே. அவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல, செவிப்புலன் முதலியவற்றை வைத்தியர் சோதிக்க, காலம் வீணாகாமற் காக்கலாம். ஆசிரியர் கடன் அதன்பின்னும் தொடர்வது. பேசாக் குழந்தைக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அதனைக் கேட்கக் கற்பதே கல்வியாளர் கடமையாகும்.