பழைய வீட்டுக்குப் புதிய தரை: உடைப்பதற்கு முன் ஒரு கணக்கு

பெங்களூரு ஜெயநகருக்கு 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின் வந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அங்கும், நாட்டின் பிற நகரங்களை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளிலும் எழுந்த தனி வீடுகளின் வயதை அவற்றின் தரையே பெரும்பாலும் சொல்லிவிடும். கூடத்தில் சிவப்பு ஆக்சைடு அல்லது மொசைக், சமையல் மேடையில் கடப்பைக் கல், வெளித் திண்ணையில் சிமென்ட் பூச்சு. இன்று அந்த வீடுகளில் மூத்தோர் இருக்கின்றனர். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தரையை மாற்றிவிடலாம் என்கின்றனர். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைடு டைல்கள் எல்லா ஊர்க் கடைகளிலும் அடுக்கப்பட்டுள்ளன. கடைக்காரர் சதுர அடி விலையைச் சொல்கிறார், மேஸ்திரி கூலியைச் சொல்கிறார். இரண்டையும் கூட்டிச் செலவைத் தீர்மானித்துவிடுகிறோம்.

பழைய வீட்டில் இக்கணக்கு பொய்த்துப்போவதற்கு இரு காரணங்கள் உண்டு: தரையின் உயரம், தரைக்கு அடியிலுள்ள ஓதம்.

முதலில் உயரம். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல் ஒட்டுவது இன்று பரவலான முறை. செலவும் தூசியும் குறைவு என்பதால் பலரும் இதை விரும்புகின்றனர். டைலின் கனமும் ஒட்டும் பசையின் கனமும் சேர்ந்து தரை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உயரும். பசைக்குப் பதிலாகச் சிமென்ட் கலவை போட்டால் உயர்வு இன்னும் மிகும். கதவுகளின் அடிப்பாகத்தை இழைக்க வேண்டிவரும் என்பதை எல்லோரும் அறிவர். மாடிப்படியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். எல்லாப் படிகளும் 150 மில்லிமீட்டர் உயரம் என்று கொள்வோம். கீழ்த் தரை 15 மில்லிமீட்டர் உயர்ந்தால் முதற்படி மட்டும் 135 ஆகிவிடும். மாடித் தரையும் உயர்ந்தால் கடைசிப் படி 165 ஆகும். நாற்பது ஆண்டுகள் அதே படிகளில் ஏறி இறங்கிய கால்கள் பழைய அளவையே எதிர்பார்க்கும். இரவில் விளக்கில்லாமல் இறங்கும் பெரியவர் தடுமாற இந்த வேறுபாடு போதும். படிகள் அனைத்துக்கும் அதே கனத்தில் கல் பதித்து, இரு தளங்களையும் ஒரே அளவில் உயர்த்தினால்தான் படிகள் மீண்டும் சமமாகும். அது இயலாதெனில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் பழைய மட்டத்திலேயே புதிதைப் போடுவதே நல்லது. இவ்விடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

மட்டத்தை அறிய ரசமட்டம் மட்டும் போதாது. தண்ணீர் நிரப்பிய டியூபைக் கொண்டு ஒவ்வோர் அறையின் நான்கு மூலைகளிலும் வாசல்களிலும் குறியிடச் சொல்லுங்கள். கூடத்துக்கும் குளியலறைக்கும், கூடத்துக்கும் வெளித் திண்ணைக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரியும். நீர் புழங்கும் இடம் எப்போதும் தாழ்வாகவே இருக்க வேண்டும்.

அடுத்து ஓதம். அக்கால வீடுகள் பலவற்றில் தரைக்கடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் மேலேறிச் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருப்பதைக் காணலாம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமான கனத்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டு வையுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளிகளோ தரையில் கருமையோ தெரிந்தால் ஓதம் உண்டு. இரண்டு மூன்று இடங்களில், இயன்றால் மழைக்காலத்தில், இதைச் செய்வது நலம். ஓதமுள்ள தரையில் மரத் தகடு, லேமினேட் போன்றவற்றை நினைக்கவே வேண்டாம், அவை ஊதிப்போகும்.

பழைய தரை எந்நிலையில் உள்ளது என்பதையும் பாருங்கள். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே சென்றால், பிடிப்பு விட்ட இடங்களில் பொள்ளென்ற ஓசை எழும். அத்தகைய இடங்கள் அதிகமெனில் மேலே டைல் ஒட்டுவது வீண். ஓசை கெட்டியாக இருந்து, மங்கல் மட்டுமே குறையாக இருந்தால், மொசைக் தரையைச் சாணைக்கல் இயந்திரத்தால் தேய்த்துப் பாலிஷ் செய்தாலே போதும். சிமென்ட்டில் பதித்த சலவைக்கல் சில்லுகள் மீண்டும் துலங்கும், உயரமும் மாறாது. சிவப்பு ஆக்சைடு இவ்வளவு எளிதன்று. விரிசலை அடைத்தால் நிறம் ஒத்துவருவது அரிது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டனர்.

மாடியில் தரை போடுவோர் எடையையும் எண்ண வேண்டும். 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ கூடும். 12 அடிக்கு 14 அடி அறையில் இது ஒன்றரை டன்னைத் தாண்டும். மர உத்திரங்கள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் மாடியாயின், கட்டடப் பொறியாளரைக் கேளாமல் தொடங்கக் கூடாது.

அதே அறைக்கு எத்தனை பெட்டி டைல் தேவை? பரப்பு 168 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 185. இரண்டடிச் சதுர டைல் நான்கு கொண்ட பெட்டி சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். எனவே 12 பெட்டிகள். பழைய அறைகள் மூலைமட்டமாக இருப்பதில்லை என்பதால் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுப்பு எண் உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் நிறம் சற்றே மாறும். விட்ரிஃபைடு டைல் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் வெறும் சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. ஐ.எஸ். 15477 தரம் குறித்த பசையைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்குப் பளபளப்பு வேண்டாம். வழுக்காத சொரசொரப்பான டைலே ஏற்றது.

இனிப் பணம். டைல், பசை, கூலி ஆகியவற்றுடன் பழைய தரையை உடைக்கும் கூலி, இடிபாடுகளை அகற்றும் வண்டி வாடகை, கதவு இழைத்தல், சுவரோர ஸ்கர்ட்டிங், வண்ணப்பூச்சு ஆகியவை மதிப்பீட்டில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். அதற்கு மேல் 15 சதவீதம் ஒதுக்கிவையுங்கள். பழைய தரையைப் பெயர்த்தால் துருப்பிடித்த குழாய் கண்ணில் படுவது வழக்கம்; அதை மாற்ற அதைவிட உகந்த நேரம் வாராது.

கடன் பெறுவதாயின், எழுத்துமூலமான மதிப்பீடு கையில் வந்த பின் தொகையைத் தீர்மானியுங்கள். எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாயைக் குறையும் நிலுவை மீது 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் ரூ.6,230, மொத்த வட்டி சுமார் ரூ.73,600. மூன்றாண்டில் அடைத்தால் தவணை சுமார் ரூ.9,540, வட்டி ரூ.43,400 அளவில் நிற்கும். தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டிக்கு, பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தோர் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு கோரலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மேஸ்திரிக்குப் பணத்தை வேலையின் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணையை, பசை நன்கு இறுகிய பின் அதே மரச் சுத்தியலால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்து, குளியலறையில் ஒரு வாளி நீரைக் கொட்டி அது தேங்காமல் வடிகிறதா என்று பார்த்த பின்னரே கொடுங்கள்.