உங்களுக்குத் தெரியுமா? மூன்று ஸ்ட்ரைக் விழுந்தும் ஓடலாம்!

அமெரிக்கச் சிறுமிகளின் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் மூன்றாவது ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கத் தவறிய பந்து, அல்லது அடிக்காமல் விட்ட சரியான பந்து) விழுந்ததும் பேட்டர் அவுட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தப் பந்தைத் தரையில் படாமல் கேட்சர் பிடித்திருக்க வேண்டும். நழுவவிட்டாரா? முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, ஏற்கெனவே இருவர் அவுட்டாகியிருந்தாலோ பேட்டர் முதல் பேஸை நோக்கி ஓடலாம். பந்தோ அவரோ, எது அங்கே முந்திச் சேர்கிறதோ அதன்படியே தீர்ப்பு. விவரம் தெரியாத பெற்றோர் திகைப்பது இங்கேதான்! (சிறு வயதுப் பிரிவுகள் சிலவற்றில் இவ்விதி கிடையாது.)

பேஸில் நிற்பவருக்கோ கெடுபிடி அதிகம். பிட்சரின் கையைவிட்டுப் பந்து கிளம்பும்வரை காலை எடுக்கக் கூடாது. கிரிக்கெட்டின் நான்-ஸ்ட்ரைக்கரைப் போல முன்கூட்டியே நகர்ந்தால் அவுட்.

பந்துவீசும் தூரம் பொதுவாக 10 வயதுக்குட்பட்டோருக்கு 35 அடி, 12 வயதுக்குட்பட்டோருக்கு 40 அடி, அதற்கு மேல் 43 அடி.